மணத்தி கணேசன்

மணத்தி கணேசன் என்று அறியப்படும் பி. கணேசன், தமிழ்நாட்டின் தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்த முன்னாள் கபடி வீரர் ஆவார். 1994 ஆம் ஆண்டு ஜப்பானின் ஹிரோஷிமா நகரில் நடைபெற்ற 12 ஆவது ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் தங்கப் பதக்கம் வென்ற இந்திய அணியில் இடம்பெற்றவர். 1995 ஆம் ஆண்டுக்கான அருச்சுனா விருது பெற்றவர். விருதுப் பட்டியலில் பி. கணேசன் என இருப்பினும், பிறந்த ஊரான மணத்தியின் பெயராலேயே மக்களிடையே அறியப்படுகிறார்.

ஊரும் விளையாட்டும்

தூத்துக்குடி மாவட்டத்தின் வடபகுதியான கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டாரங்கள் மழையை நம்பிய கரிசல் நிலங்கள். மணத்தி, மாவட்டத்தின் தென்பகுதியில் தாமிரபரணிப் பாசனத்தை ஒட்டி அமைந்துள்ளது. கோவில்பட்டி ஹாக்கிக்குப் பெயர்பெற்ற ஊர். கபடியோ இரு பகுதிச் சிற்றூர்களுக்கும் பொதுவானது. சடுகுடு என்றும் வழங்கப்படும் இவ்விளையாட்டுக்கு மட்டையோ பந்தோ தேவையில்லை. சமதரையும் அணிக்கு ஏழு பேரும் போதும். பொங்கலையும் கோயில் கொடை விழாக்களையும் ஒட்டி ஊர் அணிகளுக்கிடையே போட்டிகள் நடைபெறுவது வழக்கம்.

விளையாட்டு வாழ்க்கை

2014 இல் புரோ கபடி லீக் தொடங்கும்வரை கபடி வீரர்களுக்கு ஏலமோ பெரிய ஊதியமோ இல்லை. நிறுவன அணிகளில் கிடைக்கும் வேலையே ஊர்ப்புற வீரர்களின் இலக்காக இருந்தது. கணேசன் தமிழ்நாடு மின்சார வாரிய அணிக்காக விளையாடினார்.

1990 இல் பெய்ஜிங்கில் கபடி முதன்முறையாக ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் பதக்கத்துக்குரிய விளையாட்டாகச் சேர்க்கப்பட்டது. ஹிரோஷிமாவில் பெற்றது இந்தியாவின் இரண்டாவது தங்கம். 2014 வரை தொடர்ந்து ஏழு முறை வென்ற இந்திய ஆடவர் அணி, 2018 இல் அரையிறுதியில் ஈரானிடம் தோற்றது.

காலச்சூழல்

கணேசனுக்கு விருதுக்குரிய ஆண்டாக அமைந்த 1995, தென்மாவட்டங்களில் சாதி மோதல்கள் மிகுந்திருந்த காலம். அவ்வாண்டு ஆகஸ்டு 31 அன்று, அப்போது வ. உ. சிதம்பரனார் மாவட்டம் என வழங்கப்பட்ட இதே மாவட்டத்தின் கொடியங்குளத்தில் காவல்துறையினர் புகுந்து பட்டியல் சாதி மக்களின் வீடுகளையும் உடைமைகளையும் சேதப்படுத்தினர். ஓர் ஊர் இளைஞன் அடுத்த ஊருக்கு விளையாடச் செல்வதுகூட அச்சத்துக்குரியதாக இருந்த சூழலில் பெறப்பட்டதால், இவ்வெற்றி விளையாட்டுக்கு அப்பாலும் நினைவுகூரப்படுகிறது.

திரைப்படமும் நீடிக்கும் புகழும்

இம்மாவட்டத்தைச் சேர்ந்த இயக்குநர் மாரி செல்வராஜ், கணேசனின் வாழ்க்கையைத் தழுவி பைசன் காளமாடன் என்ற திரைப்படத்தை உருவாக்கினார். துருவ் விக்ரம் நடித்த இப்படம் 2025 அக்டோபர் 17 அன்று வெளியானது. வனத்தி என்னும் ஊரைச் சேர்ந்த கிட்டான் என்ற புனைவு நாயகனின் கதையாக அமைந்திருப்பதால், இதன் நிகழ்ச்சிகள் அனைத்தையும் கணேசனின் வரலாறாகக் கொள்ள இயலாது. ஆயினும், ஹிரோஷிமா வெற்றிக்குப் பின் பிறந்த தலைமுறையினரிடமும் அவர் பெயரை இப்படம் கொண்டுசேர்த்தது. தென்மாவட்டக் கபடி ஆர்வலர்களிடையே அப்பெயர் அதற்கு முன்பே நிலைபெற்றிருந்தது.