கேன்டர்பரி: யாத்திரிகர், பயணியர் வருகை

இங்கிலாந்தின் தென்கிழக்கில், கென்ட் பகுதியில் ஸ்டவர் ஆற்றங்கரையில் உள்ள பேராலய நகரம் கேன்டர்பரி. ரோமிலிருந்து வந்த துறவி அகஸ்டின் 597இல் இங்கு மறைப்பணியைத் தொடங்கி முதல் பேராயரானார். அதன்பின் ஐந்தரை நூற்றாண்டுக்கும் மேலான காலத்தில் வெளியூரார் வந்துபோனது பற்றிய குறிப்புகள் சொற்பமே.

1170 டிசம்பர் 29 அன்று பேராயர் தாமஸ் பெக்கெட் பேராலயத்துக்குள்ளேயே நான்கு வீரர்களால் வெட்டிக் கொல்லப்பட்டார். மன்னர் இரண்டாம் ஹென்றி ஆணையிட்டாரா, அவர் ஆத்திரத்தில் சொன்னதை வீரர்கள் ஆணையாகக் கொண்டனரா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. 1173இல் பெக்கெட் புனிதராக அறிவிக்கப்பட்டார். மறு ஆண்டு மன்னரே வெறுங்காலுடன் வந்து, பரிகாரமாகத் துறவியரிடம் கசையடி பெற்றார். புனிதரால் நிகழ்ந்தனவாகச் சொல்லப்பட்ட அற்புதங்களில் 700க்கும் மேற்பட்டவற்றை இரு துறவியர் எழுதிவைத்தனர். நகரின் வருகை வரலாற்றில் இந்தக் காலம் மட்டும் இவ்வளவு விரிவாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

1174இல் பேராலயத்தின் கிழக்குப் பகுதி எரிந்தது. அதை மீண்டும் கட்டிய சென்ஸ் நகர வில்லியம் சாரத்திலிருந்து விழுந்து முடமானதால், அதே பெயருடைய ஓர் ஆங்கிலேயர் வேலையை முடித்தார். 1220 ஜூலை 7 அன்று புனிதரின் உடல் நிலவறையிலிருந்து மேலேயுள்ள திரித்துவச் சிற்றாலயத்துக்கு மாற்றப்பட்டது.

யாத்திரிகர் வாங்கிச் சென்ற பொருள்களில் ஈயமும் வெள்ளீயமும் கலந்து வார்த்த சிறு குப்பிகள் தனியே குறிப்பிடத்தக்கவை. புனிதரின் குருதி கலந்ததாக நம்பப்பட்ட நீர் அவற்றில் விற்கப்பட்டது. கயிற்றில் கோத்துக் கழுத்தில் அணிவதற்கு வசதியாக இருபுறமும் காதுகள் வைத்திருப்பர். சிலவற்றில் கொலைக் காட்சியே புடைப்பாக இருக்கும். விரலளவு பரப்பில் வாளும் வீரரும் தெளிவாகத் தெரிவது வியப்புக்குரியது. பின்னர் ஆடையில் குத்திக்கொள்ளும் மலிவான சின்னங்கள் பெருகின. தேம்ஸ் ஆற்றுச் சேற்றிலிருந்து இவை ஏராளமாகக் கிடைத்துள்ளன. ஆங்கிலக் கவிஞர் சாசரின் 'கேன்டர்பரி கதைகள்' இந்த யாத்திரையைக் களமாகக் கொண்டது; ஆயினும் முற்றுப்பெறாத அந்நூலில் யாத்திரிகர் நகரை அடைவதில்லை.

1538இல் எட்டாம் ஹென்றியின் ஆணைப்படி சமாதி இடிக்கப்பட்டு, அதன் பொன்னும் மணியும் அரச கருவூலத்துக்குப் போயின. எலும்புகள் எரிக்கப்பட்டன என்பாரும், துறவியர் மறைத்துப் புதைத்தனர் என்பாரும் உளர். 1888இல் நிலவறையில் கிடைத்த எலும்புகள் பெக்கெட்டுடையவை எனச் சிலர் கருதினர். 20ஆம் நூற்றாண்டு மறுஆய்வு அதை ஏற்கவில்லை.

சமாதி அழிந்ததோடு யாத்திரையும் நின்றது. பிற்காலத்தில் பயணியருக்கு ரயில் வழி திறந்தது: 1830இல் அருகிலுள்ள கடலோர ஊரான விட்ஸ்டபிளுக்கு ரயில் ஓடியது. 1846இல் நகரம் பிரதான ரயில் வலையுடன் இணைந்தது. 1942 ஜூன் 1 அன்று ஜெர்மானிய விமானங்கள் நகரைத் தாக்கின. பெடெக்கர் பயண வழிகாட்டியில் புகழப்பட்ட ஊர்களைக் குறிவைத்ததாகச் சொல்லப்படும் தாக்குதல் வரிசையைச் சேர்ந்தது இது. நகர மையம் பெரிதும் அழிந்தது; பேராலயம் தப்பியது.

1988இல் பேராலயமும், புனித அகஸ்டின் மடமும், புனித மார்ட்டின் ஆலயமும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. பேராலயத்தைச் சுற்றிப்பார்க்கக் கட்டணம் உண்டு. வழிபாட்டுக்கு வருவோருக்கு இல்லை.