கொறங்காடு முதல் அடையாறு வரை: நம் தோற்றொழில் வரலாறு

நம் குலத்தாரின் பழமையைப் பற்றிப் பேசுங்கால் வீரர்களையும் தெய்வங்களையும் கூறி மகிழ்வது நம்மவர் வழக்கம். அது தக்கதே. ஆனால் தோலைப் பற்றிப் பேச்செடுத்தால் கூட்டத்தில் ஒரு மௌனம் உண்டாகின்றது. கல்வி கற்று உத்தியோகம் பெற்ற நம் இளைஞர் சிலர், "அதை ஏன் கிளறுகிறீர்கள்? அந்தப் பெயரிலிருந்து தப்பத்தானே இவ்வளவு காலம் பாடுபட்டோம்?" என்று நம்மையே கேட்டதுண்டு. அவர்கள் மனத்திலுள்ள புண்ணை நாம் அறிவோம். எனினும் நாம் எழுதாது விட்டால் இவ்வரலாறு இல்லாமற் போகாது. பிறர் கையில் வேறுவிதமாக எழுதப்பட்டு நிற்கும். அவ்வாறே நெடுங்காலமாக நின்றும் வருகின்றது.

புறநானூற்றின் 82-ஆம் பாட்டைத் தமிழ் கற்றோர் அறிவர். போரவைக்கோப் பெருநற்கிள்ளியின் போர் வேகத்தைச் சொல்லவந்த சாத்தந்தையார், ஊரிலே திருவிழா, வீட்டிலே மனைவிக்குப் பேறுகாலம், வானத்திலே மழை, பொழுதும் சாய்கின்றது என்னும் நெருக்கடியில் ஒருவன் கட்டிலுக்கு வார் பின்னும் ஊசியின் விரைவை உவமை கூறுகின்றார். அரசனுடைய போருக்கு ஒப்பாகத் தோற்றொழிலாளியின் ஊசி நிற்கின்றது. அப்பாட்டே அவனை இழிந்தோனென்று பொருள்படும் சொல்லாலும் குறிக்கின்றது. கைத்திறனைப் புகழ்ந்து கைக்குரியவனைத் தாழ்த்தும் வழக்கம் அத்துணைப் பழமையானது. சிலப்பதிகாரத்திலும் புகார் நகரத்துக் கைவினைஞர் வரிசையில் தோலைத் தைப்போர் இடம்பெறுகின்றனர்.

இத்தொழில் எங்கே செழித்ததென்று அறிய வேண்டுமாயின் ஆடுமாடு வளர்க்கும் நிலத்துக்குச் செல்லவேண்டும். கொங்குநாட்டில் காங்கயம், தாராபுரம் பக்கங்களில் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்கள் உண்டு. சுற்றிலும் கிளுவை முள்ளை உயிர்வேலியாக வளர்த்து, உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் நிற்க, மாடுகளையும் செம்மறிகளையும் அடைத்து மேய விடுவர். பழையகோட்டைப் பட்டக்காரர் மரபினர் பேணிய காங்கயம் மாட்டினம் இந்நிலத்தின் செல்வமே. மாட்டை உடையவர் புகழ் நூல்களில் ஏறியிருக்கின்றது. அம்மாட்டுக்கு வேண்டிய கழுத்துப்பட்டை, சலங்கை கோத்த தோல்வார், உழவனுடைய சாட்டை, வண்டிக்காரனுடைய அகன்ற இடைவார், கத்தியுறை, முள்ளுக்காட்டில் நடப்பதற்குத் தடித்த செருப்பு ஆகியவற்றைச் செய்தவர் நம் முன்னோர். அமெரிக்காவின் மேற்குப் புல்வெளிகளில் மாடு மேய்ப்போர்க்குச் சேணமும் உறையும் இடைவாரும் தைத்துக் கொடுத்தவர்களை அந்நாட்டார் கைவினைஞரென்று மதிக்கின்றனர். அவர்தம் வேலைகளைக் கண்காட்சியில் வைக்கின்றனர். வேலை ஒன்றே; ஊர்தான் வேறு.

இப்பொருள்கள் யாவற்றினும் அருமையானது கவலைப்பறி. இக்காலத்துப் பிள்ளைகள் அதனைக் கண்டிரார் ஆதலின் சிறிது விரித்துரைப்போம். கிணற்றிலிருந்து நீரிறைக்கும் பெரிய தோற்பை அது. வாயில் இரும்பு வளையம். அடியில் தும்பி என்னும் நீண்ட தோற்குழாய். வாய்க்கு ஒரு வடம், தும்பிக்கு ஒரு வால்கயிறு. எருதுகள் சரிவான பாதையில் இறங்கும்போது பறி மேலே ஏறும். விளிம்புக்கு வந்ததும் வால்கயிறு தும்பியை வாய்க்காலுக்கு இழுத்துவிட, ஒருவர் கை படாமலே நீர் கொட்டிவிடும். எருதுகள் பின்னோக்கி ஏற, பறி மீண்டும் இறங்கும். நாள் முழுவதும் நனைவதும் உரசுவதுமாக உழைக்கும் இப்பைக்குத் தோலைத் தேர்வது, வெட்டுவது, நீர் கசியாமல் வாரால் தைப்பது எல்லாம் கண்ணும் கையும் அறிந்த கல்வி. எருமைத்தோல் எங்கே தடிக்கும், எங்கே இளகும் என்பதைத் தடவிப் பார்த்தே சொல்வர். பறி கிழிந்தால் பயிர் வாடும். ஆகையால் நள்ளிரவிலும் ஆள் வரும். கூலியோ பெரும்பாலும் களத்துமேட்டில் அளந்து போடும் தானம்போன்ற தானியம். செத்த மாட்டை எடுத்துச் செல்லுதலும் அவ்வூழியத்தின் பகுதியாகவே வைக்கப்பட்டது.

தோலைப் பதப்படுத்த ஆவாரம்பட்டையும் கடுக்காயும் சுண்ணாம்பும் போதும். ஆவாரையை நம் முன்னோர் எவ்வளவு போற்றினரெனில், மணத்துக்கு முன் அதன் கிளையில் தாலி கட்டும் சடங்கு நம்மவரிடை இருந்ததென்று 1909-இல் வெளியான எட்கர் தர்ஸ்டனுடைய பெருநூல் குறிக்கின்றது. தர்ஸ்டன் நம்மைப் பற்றி எழுதியவற்றுட் பல நமக்கு உவப்பானவை அல்ல. இக்குறிப்பு மட்டும் பொன்போன்றது. பட்டை தந்த செடிக்கு முதல் தாலி!

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த ஆவாரம்பட்டைத் தோல் கடல் கடந்தது. சார்லஸ் தெ சூசா என்பவர் 1840-களில் சென்னையில் பதனிடும் முறையைத் திருத்தினாரென்பர். 'ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்' என்னும் பெயருடன் அரைப்பதத் தோல்கள் இலண்டன் சந்தைக்குப் போயின. சென்னையில் பெரியமேடு வணிகர்களும் வட ஆர்க்காட்டு முஸ்லிம் வணிகர்களும் இவ்வியாபாரத்தைப் பெருக்கினர். மூலதனம் அவர்களிடம், சுண்ணாம்புக் குழியில் நின்ற கால்கள் நம்முடையவும் நம்போன்றோருடையவும். தியாகராயநகருக்குப் பெயர் தந்த ஸர் பிட்டி தியாகராயச் செட்டியார் குடும்பத்துக்கும் நெசவுடன் தோல் பதனிடும் தொழில் இருந்தது. அந்நகரின் கடைத்தெருவில் இடைவார் வாங்குவோர் எத்தனைபேர் இதனை அறிவர்?

அடுத்த திருப்பத்துக்குக் காரணம் நம் கவலைப்பறியே. பட்டையிற் பதனிட்ட தோல் ஓயாது நனைந்தால் விரைவில் கெடும். அமெரிக்காவில் 1884-இல் அகஸ்தஸ் ஷுல்ட்ஸ் காப்புரிமை பெற்ற குரோம் முறையில் பதனிட்ட தோல் நீரைத் தாங்கும். வாரக்கணக்கில் ஆகும் வேலையும் சில நாளில் முடியும். சென்னை ஓவியப் பாடசாலையின் தலைவராயிருந்த ஆல்பிரட் சாட்டர்டன் 1903-ஐ ஒட்டி இம்முறையைச் சோதித்தபோது அவர் முதன்மையாகக் கருதியது குடியானவரின் நீரிறைக்கும் பையையே. பின்னர்ச் செருப்பும் பூட்ஸும் செய்யப்பட்டன. துரைத்தனமே தொழில் நடத்தலாகாதென்று இந்தியா மந்திரி மார்லி பிரபு 1910-இல் கட்டளையிட, அரசாங்கத் தோற்சாலை கைமாறியது. 1912 அளவில் சேம்பர்ஸ் என்பார் பல்லாவரத்தை அடுத்துக் குரோம் லெதர் கம்பெனியை நிறுவினார். மயிலாப்பூரிலிருந்தும் அடையாற்றிலிருந்தும் தாம்பரம் நோக்கிச் செல்வோர் இன்று 'குரோம்பேட்டை' என்று சொல்லும்போது உச்சரிப்பது ஒரு தோல் பதனிடும் முறையின் பெயரைத்தான்.

முதல் உலகப்போரில் சிப்பாய்களின் பூட்ஸுக்காக 1916 முதல் சென்னைத் தோல்களை அரசாங்கம் மொத்தமாக வாங்கியது. வணிகர் செழித்தனர். 1915-இல் சென்னையில் தோற்றொழிற் பள்ளியும் தோன்றியது. ஆனால் அறிவு ஊர்க்குடிசையிலிருந்து பள்ளிக்கும் ஆலைக்கும் பெயர்ந்தபோது, அதைக் கொண்டுவந்தவர் உடன் பெயரவில்லை. பள்ளியிற் சேர எழுத்து வேண்டும். ஆலை வைக்கப் பணம் வேண்டும். நமக்கு இரண்டும் மறுக்கப்பட்டிருந்தன. 1920-களில் சென்னைச் சட்டசபையில் நியமன உறுப்பினராயிருந்த எல். சி. குருசாமி அவர்கள் நம் குழந்தைகளுக்கும் உழைப்பாளிகளுக்கும் இரவுப் பள்ளிகள் நடத்தியதன் அருமை இவ்விடத்தில்தான் விளங்கும். பழித்துச் சொல்லும் பெயரை விடுத்து அருந்ததியர் என்னும் பெயரை நிலைநாட்ட உழைத்தவரும் அவரே.

ஊர்ப்புறத்தில் நேர்ந்தது இன்னும் கொடிது. 1932-இல் பைகாரா மின்சாரம் பிறந்தது. கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கிணறுகளில் மின்பம்புகள் ஏறின. குடியானவருக்கு அது நன்மை, எருதுக்கும் இளைப்பாறுதல். பறி தைத்தவருக்கு மாற்று என்னவென்று கேட்டவர் இல்லை. ரப்பர்ச் செருப்பும் ஆலைப் பூட்ஸும் மிச்சத்தை விழுங்கின. நகரங்களுக்கு வந்த நம்மவர் பலரின் கையில் நகராட்சிகள் கொடுத்தது துடைப்பம். பிறவியிலேயே நாம் துப்புரவுத் தொழிலாளர் என்று பேசுவோர் இந்த இடத்தைச் சற்று நின்று பார்க்கவேண்டும். கைத்திறனைப் பறிகொடுத்தோர் தள்ளப்பட்ட பள்ளம் அது.

அடையாற்றில், இன்று சர்தார் படேல் சாலை எனப்படும் வழியில், மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்துக்கு 1948 ஏப்ரல் 24-ஆம் நாள் சியாமா பிரசாத் முகர்ஜி அடிக்கல் நாட்டினார். அந்நிலையத்தை உலகறியச் செய்தவர் 1958-இல் அதன் இயக்குநரான நாயுடம்மா. குண்டூர்ப் பக்கத்து உழவர் குடியிற் பிறந்து, தோலைத் தொடுவதை இழிவெனக் கருதாமல் அதனையே விஞ்ஞானமாக்கிக் கொண்டவர். 1985-இல் கனிஷ்கா விமானக் குண்டுவெடிப்பில் மாண்டார். அரைப்பதத் தோலை அனுப்புவதைக் குறைத்து, செய்பொருளாகவே அனுப்பவேண்டுமென்று 1970-களில் இந்திய அரசு கொள்கை வகுத்ததன் பயனாக ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆலைகள் செருப்பும் கையுறையும் இடைவாரும் ஏற்றுமதி செய்யலாயின. பாலாற்றின் நீர் கெட்டதும் அவ்வளர்ச்சியின் பங்கே. 1996-இல் உச்சநீதிமன்றம் அதைப்பற்றித் தீர்ப்புக் கூறியது. நாயுடம்மாவை நாம் மனமுவந்து போற்றுகின்றோம். உயர்ந்த குடியிற் பிறந்தார் தோலைத் தொட்டால் அது துணிவு என்றும், நாம் தொட்டால் அது தலையெழுத்து என்றும் பெயர் பெறுவதை மட்டும் சொல்லாமலிருக்க இயலவில்லை.

மயிலாப்பூரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அங்கே மார்கழிக் கச்சேரிகளில் ஒலிக்கும் மிருதங்கத்தின் வலந்தலையில் ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் அடுக்கடுக்காய் அமைகின்றன. அவற்றை இழுத்துக் கட்டும் வார் எருமைத்தோல். அதைச் செய்வோர் நம் குலத்தாரல்லர்; பெரும்பாலார் நம்மைப்போலவே ஒதுக்கப்பட்ட கிறிஸ்தவக் குடியினர். பாலக்காடு மணி ஐயரின் நாதத்துக்குப் பின்னே பர்லாந்து என்னும் கைவினைஞரின் செவியும் கையும் இருந்தன. இவர்களுடைய வரலாற்றை டி. எம். கிருஷ்ணா 2020-இல் 'செபாஸ்டியன் அண்டு சன்ஸ்' என்னும் நூலாக எழுதினார். வெளியீட்டுக்கு முதலில் இசைந்த அரங்கம் பின்பு இசைவை மீட்டுக்கொள்ள, விழா தரமணியில் நடந்தது. தோலின் ஓசைக்கு உள்ள இடம் தோலின் கதைக்கு இல்லை போலும்!

2009-இல் தமிழ்நாட்டில் நமக்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு கிடைத்தது. உட்பிரிவு செல்லுமென்று 2024 ஆகஸ்டு முதல் நாள் உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. நம் பிள்ளைகள் மருத்துவராகவும் பொறியியலாளராகவும் வருகின்றனர். அவர்களுள் எவரும் பழைய தொழிலுக்குத் திரும்பவேண்டுமென்று நாம் சொல்லவில்லை. கட்டாயத்தால் ஒருவனும் வாரைத் தொடலாகாது. ஆனால் தோல்விஞ்ஞானம் கற்க விரும்பும் பிள்ளையை வெட்கத்தால் தடுப்பதும் கூடாது.

பறி தைத்த முதியோர் இன்னும் நம் ஊர்களில் சிலர் உளர். அவர்கள் தைத்த முறை, கருவிகளின் பெயர், தையல் வகைகளின் பெயர், தோலின் பாகங்களுக்கு வழங்கிய சொற்கள் ஆகியவற்றைக் கேட்டு எழுதி இவ்விதழுக்கு அனுப்புமாறு அன்பர்களை வேண்டுகின்றோம். பெயர் வெளியிட விரும்பாதோர் ஊரை மட்டும் குறித்தாலும் போதும்.