பீரங்கிகளுக்கு நடுவே நத்தார் மணிகள்

'நத்தார் மணிகள்' என்ற கவிதையை அமெரிக்கக் கவிஞர் ஹென்றி வாட்ஸ்வேர்த் லோங்ஃபெலோ 1863ஆம் ஆண்டு நத்தார் தினத்தில் எழுதினார். பின்னர் அது புகழ்பெற்ற நத்தார் பாடலாயிற்று. அதன் பின்னணியோ பெருந்துயரம்.

1861 ஜூலை 9ஆம் திகதி கேம்பிரிட்ஜ் நகரிலிருந்த இல்லத்தில் அவரது மனைவி ஃபனியின் ஆடையில் தீப்பற்றியது. கம்பளத்தாலும் தன் உடலாலும் தீயை அணைக்க முயன்ற கவிஞரும் எரிகாயங்களுக்கு உள்ளானார். மறுநாள் ஃபனி உயிர்நீத்தார். காயங்கள் காரணமாகக் கவிஞரால் இறுதிச் சடங்கிலும் கலந்துகொள்ள இயலவில்லை. படங்களில் நாம் காணும் அந்த நீண்ட தாடி, தழும்பேறிய முகத்தைச் சவரம் செய்ய இயலாமையால் வளர்ந்தது.

அவ்வாண்டிலேயே உள்நாட்டுப் போரும் மூண்டது. மூத்த மகன் சார்ள்ஸ் 1863 மார்ச்சில் தந்தையின் அனுமதியின்றிச் சென்று வடபகுதி இராணுவத்தில் இணைந்தார். நவம்பர் 27இல் வேர்ஜீனியாவில் அவரது தோளில் பாய்ந்த குண்டு முதுகெலும்பை ஒட்டிச் சென்றது. தந்தி கிடைத்ததும் வாஷிங்டனுக்கு விரைந்த கவிஞர் மகனை வீட்டுக்கு அழைத்து வந்தார். சில வாரங்களில் நத்தார்.

கவிதையில் ஆலய மணிகள் சமாதானத்தை அறிவிக்கின்றன. தெற்கின் பீரங்கிகள் அவ்வொலியை மூழ்கடிக்கின்றன. கவிஞர் நம்பிக்கை இழக்கிறார். அதற்குப் பின்னரே மணிகள் முன்னிலும் உரத்து ஒலித்து, இறைநம்பிக்கையை அவருக்கு மீட்டளிக்கின்றன.

1872இல் ஜோன் பாப்டிஸ்ட் கால்கின் இதற்கு இசையமைத்தார். போரைச் சொல்லும் இரு பத்திகளையும் பாடல் நூல்கள் பெரும்பாலும் நீக்கிவிடுகின்றன. இது பிழையென்றே நான் கருதுகிறேன். பீரங்கி ஒலிக்காத பாடலில் மணியோசை வெறும் பண்டிகை அலங்காரமே. 1865 பெப்ரவரியில் சிறுவர் சஞ்சிகையொன்றில் இக்கவிதை வெளிவந்தபோது அப்பீரங்கிகள் இன்னமும் ஓய்ந்திருக்கவில்லை.