மரணப் பதிவேடுகளும் சமூக வரலாறும்
நியூ இங்கிலாந்துக் கொங்கிறிகேஷனல் திருச்சபைகள் பற்றிய ஒரு நோக்கு

மன்னர்களின் ஆட்சியாண்டுகளையும் போர்களின் முடிவுகளையும் கூறுவதே வரலாறு என்ற கருத்து இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பெரிதும் தளர்ந்தது. உழுது உண்டவர், நெய்து பிழைத்தவர், பிள்ளைகளைப் பெற்றுப் பறிகொடுத்தவர் ஆகியோரின் வாழ்வும் வரலாற்றின் பொருளே என்ற எண்ணம் வலுப்பெற்றது. ஆயின் இத்தகையோர் தம்மைப்பற்றித் தாமே எழுதி வைத்தவரல்லர். பிறந்தபோதும் மணந்தபோதும் இறந்தபோதும் பிறரொருவர் எழுதிய ஓரிரு வரிகளிலேயே அவர்களுடைய பெயர்கள் எஞ்சியுள்ளன. ஆகவே, அவ்வரிகளை எழுதியவர் யார், எந்நோக்கத்துடன் எழுதினார், யாரை எழுதாது விட்டார் ஆகிய வினாக்கள் இன்றியமையாதனவாகின்றன. வட அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியிற் கொங்கிறிகேஷனல் திருச்சபைகள் பேணிய மரணப் பதிவுகள் இவ்வினாக்களை ஆராய்வதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

இங்கிலாந்தில் 1538 ஆம் ஆண்டு தோமஸ் குறொம்வெல் பிறப்பித்த ஆணையின்படி ஒவ்வொரு பங்கிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய மூன்றும் பதியப்பட்டன. அங்கு அடக்கம் என்பது குருவானவர் நடத்தும் சடங்கு. எனவே சடங்கை நடத்தியவரே பதிவையும் எழுதினார். 1630 ஆம் ஆண்டு மசாசூசெற்ஸ் குடாவிற் குடியேறிய தூய்மைவாதிகளின் நிலைமை வேறு. இறந்தோருக்காகச் செபிப்பதையும் கல்லறைச் சடங்குகளையும் அவர்கள் வேதாகம ஆதாரமற்றவை எனத் தள்ளினர். திருமணத்தையும் குடியியல் ஒப்பந்தமாகவே கருதினர். ஆதலின் 1639 ஆம் ஆண்டு குடியேற்றத்தின் பொதுமன்றம் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றின் நாட்களைப் பதியுமாறு விதித்தபோது, அக்கடமையைத் திருச்சபையிடம் ஒப்படைக்கவில்லை. குடியியல் அலுவலரிடமே ஒப்படைத்தது. ஞானஸ்நான நாளை விடுத்துப் பிறந்த நாளையும், அடக்க நாளை விடுத்து இறந்த நாளையும் பதிய வேண்டுமென்ற இவ்விதி அக்காலத்திற் புதுமையானது எனலாம்.

அவ்வாறாயின் திருச்சபை எதனைப் பதிந்தது? ஒவ்வொரு சபையும் தன்னுரிமையுடையது என்பதே கொங்கிறிகேஷனல் அமைப்பின் அடிப்படை. விசுவாசிகள் தமக்குள் ஓர் உடன்படிக்கை செய்து சபையாகக் கூடினர். 1648 ஆம் ஆண்டின் கேம்பிறிட்ஜ் ஏற்பாடு இவ்வமைப்பினை வரையறுத்தது. எனவே சபைப் புத்தகத்தின் முதற்பொருள் உறுப்புரிமையே. உடன்படிக்கை, அதனை ஏற்றோரின் பெயர்கள், ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகள், வேறு சபைக்கு அனுப்பப்பட்டோர், கண்டனத்துக்குள்ளானோர் என்பன அதிற் பதியப்பட்டன. இறப்பு, உறுப்பினர் ஒருவர் சபையை விட்டு நீங்கும் வழிகளுள் ஒன்றாகவே முதலில் இடம்பெற்றது. றொக்ஸ்பரிச் சபையின் போதகர் ஜோன் எலியட் தம் உறுப்பினர் பட்டியலிற் சிலரின் மரணத்தையும் அதன் சூழலையும் குறித்துள்ளமை இதற்குச் சான்று.

பெயர் இருத்தலும் நீக்கப்படுதலும் எத்துணைப் பாரதூரமானவை என்பதை சேலம் நகர நிகழ்ச்சிகள் காட்டும். 1692 ஆம் ஆண்டு சூனிய வழக்கிற் குற்றவாளியாகத் தீர்க்கப்பட்ட றெபேக்கா நேர்ஸ் என்னும் முதிய பெண்மணியை சேலம் சபை யூலை 3 ஆம் நாள் விலக்கி வைத்தது. யூலை 19 ஆம் நாள் அவர் தூக்கிலிடப்பட்டார். இருபது ஆண்டுகள் கழிந்து, 1712 ஆம் ஆண்டு, அவ்விலக்கத்தை அதே சபை இரத்துச் செய்தது. இறந்த ஒருவருக்கு இதனால் யாது பயன் என்று கேட்கலாம். ஆயின் இறந்தோரின் பெயர் பதிவேட்டிற் களங்கத்துடன் நிற்பது உயிருடனிருக்கும் குடும்பத்துக்கும் சபைக்கும் தாங்கவொண்ணாததாயிருந்தது. சாட்சிகளுள் ஒருவரான ஆன் பட்னம் 1706 ஆம் ஆண்டு செய்த மன்னிப்பு அறிக்கையும் சேலம் கிராமச் சபையின் புத்தகத்திலேயே பதியப்பட்டது. வழக்குகளின்போது அக்கிராமத்தின் போதகராயிருந்த சாமுவேல் பரிஸ் தமது பணிக்காலத்து இறப்புகளைப் பட்டியலிட்டவர் என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது.

பதினெட்டாம் நூற்றாண்டில் மரணப் பதிவு புதியதொரு முக்கியத்துவம் பெற்றது. கொள்ளைநோய்களை இறைவனின் எச்சரிக்கை எனக் கண்ட போதகர்கள், இறந்தோரை எண்ணிப் பிரசங்கங்களிற் கூறலாயினர். 1735 ஆம் ஆண்டு நியூ ஹாம்ஷயரின் கிங்ஸ்ரன் ஊரிற் தோன்றிய தொண்டை நோய் விரைந்து பரவியது. போட்ஸ்மத் நகரப் போதகரான ஜாபெஸ் பிற்ச் அதில் இறந்தோரை ஊர்வாரியாகத் தொகுத்து 1736 ஆம் ஆண்டு வெளியிட்டார். இறந்தோர் தொகை ஏறத்தாழ 1000. அவர்களுள் ஐந்தில் நான்கு பங்கினர் பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். சில வீடுகளிற் பிள்ளைகள் அனைவருமே மாண்டனர். இந்நோய் தொண்டை அடைப்பானும் செங்காய்ச்சலும் கலந்து பரவியதன் விளைவு என ஏர்ணெஸ்ற் கோல்பீல்ட் என்னும் மருத்துவர் 1939 ஆம் ஆண்டு விளக்குவதற்கு இத்தகைய பட்டியல்களே உதவின. பக்தியின் பொருட்டு எண்ணப்பட்ட எண்கள் இருநூறு ஆண்டுகளின் பின் மருத்துவ வரலாற்றின் ஆதாரமாயின.

இதனினும் துணிவான முயற்சி ஹாவாட் பல்கலைக்கழக இறையியற் பேராசிரியர் எட்வேட் விகிள்ஸ்வேத் என்பாருடையது. 1780 ஆம் ஆண்டு நிறுவப்பட்ட அமெரிக்கக் கலை விஞ்ஞானக் கழகத்துக்கு அனுப்பப்பட்ட 62 மரணப் பட்டியல்களை ஆதாரமாகக்கொண்டு அவர் 1789 ஆம் ஆண்டு ஓர் ஆயுள் அட்டவணையை அமைத்தார். இறந்தோரின் சராசரி வயது, பிறக்கும் குழந்தையின் எதிர்பார்ப்பு ஆயுளுக்குச் சமனாவது, குடித்தொகை பெருகாதும் குறையாதும் நிற்கும் சமூகத்தில் மட்டுமே. பெருகும் சமூகத்திற் குழந்தைகள் மிகுதியாதலின் இறப்போருள்ளும் அவர்களே மிகுவர். சராசரி வீழ்ந்து காணப்படும். விகிள்ஸ்வேத் இதனை உணர்ந்து, ஏறத்தாழ 28 ஆண்டு என வந்த கணிப்பைத் திருத்தி 35 ஆண்டுக்குச் சற்று மேலாகக் கொண்டார். பிற்காலத்தில் இவ்வட்டவணை நீதிமன்றங்களிலும் காப்புறுதிக் கணிப்புகளிலும் எடுத்தாளப்பட்டது. ஆயின் 1971 ஆம் ஆண்டு மாரிஸ் வினோவ்ஸ்கிஸ் என்னும் வரலாற்றறிஞர், பட்டியல்களை அனுப்பிய ஊர்கள் முழுப் பிரதேசத்தையும் பிரதிபலிப்பனவல்ல என்பதையும், திருத்தம் செய்த முறை குறைபாடுடையது என்பதையும் எடுத்துக்காட்டினார்.

இக்குறைபாடு ஒருவரின் கணக்குப் பிழை மட்டுமன்று. மூலங்களின் இயல்பிலேயே தங்கியிருப்பது. மரணப் பட்டியல் இறந்தோரைக் கூறுமேயன்றி வாழ்ந்திருந்தோரின் தொகையைக் கூறாது. வேற்றூர் சென்று இறந்தோர் அதில் இரார். பெயர் சூட்டுமுன் இறந்த சிசுக்கள் விடுபடுதல் எளிது. பப்ரிஸ்ற், குவேக்கர் முதலிய பிரிவினரைக் கொங்கிறிகேஷனல் போதகர் எண்ணினாரா என்பது ஊருக்கு ஊர் வேறுபடும். பதியப்பட்டோரும் ஒரே வகையாகப் பதியப்படவில்லை. ஆடவன் தன் பெயருடன் இறக்கிறான். பெண் இன்னாரின் மனைவியாகவோ விதவையாகவோ, குழந்தை இன்னாரின் பிள்ளையாகவோ இறப்பதைப் பல ஏடுகளிற் காணலாம். அடிமையாக வாழ்ந்த ஆபிரிக்கர் பலர் உடைமையாளரின் பெயரால் மட்டுமே சுட்டப்பட்டனர். இறப்பிற் சகலரும் சமம் எனப் பிரசங்கித்த அதே கை, பதிவேட்டிற் சமூகப் படிநிலையைத் தவறாது வரைந்தது.

எனினும் இவ்வேடுகளைத் தள்ளிவிடல் பொருந்தாது. நகர அலுவலர் கவனக்குறைவால் விட்ட இறப்புகள் பலவற்றைப் போதகரின் ஏடு காத்துள்ளது. மசாசூசெற்ஸில் மாநிலம் தழுவிய பதிவுமுறை 1840 களின் தொடக்கத்திலேயே நடைமுறைக்கு வந்தது. 1902 ஆம் ஆண்டின் சட்டத்தையடுத்து, 1850 வரையான நகரப் பதிவுகள் நூல்களாக அச்சிடப்பட்டபோது, திருச்சபை ஏட்டிலிருந்தும் கல்லறைக் கல்லிலிருந்தும் பெறப்பட்ட செய்திகள் தனிக்குறியீட்டுடன் சேர்க்கப்பட்டன. ஒரே மரணத்தை மூன்று சான்றுகள் மூன்று விதமாகக் கூறுவதை இந்நூல்களில் ஒப்புநோக்கலாம். 1970 ஆம் ஆண்டு வெளிவந்த பிலிப் கிறேவனின் அன்டோவர் பற்றிய ஆய்வும் கெனத் லொக்றிட்ஜின் டெடம் பற்றிய ஆய்வும் இத்தகைய உள்ளூர்ப் பதிவுகளை இணைத்துக் குடும்ப வரலாறுகளை மீளமைத்தவையே.

இப்பொருள் ஈழத்துத் தமிழருக்கு முற்றிலும் அந்நியமானதன்று. 1810 ஆம் ஆண்டு கொங்கிறிகேஷனல் சபையினர் முன்னின்று அமைத்த அமெரிக்க மிஷன் சங்கம் 1816 ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்திற் பணி தொடங்கியது. வட்டுக்கோட்டைச் செமினரியின் முதல் அதிபர் டானியல் பூவர் பிறந்த ஊர் மசாசூசெற்ஸின் டான்வேர்ஸ். முன்னாளைய சேலம் கிராமம் அமைந்திருந்த ஊர் அதுவே. 1855 ஆம் ஆண்டு மானிப்பாயில் வாந்திபேதியால் அவர் இறந்தார். மிஷன் பாடசாலைகளிற் பயின்ற பிள்ளைகள் பலருக்கு, அவர்தம் செலவை ஏற்ற அமெரிக்கக் கொடையாளரின் பெயர்கள் சூட்டப்பட்டன. கறோல் விசுவநாதபிள்ளையின் முன்னொட்டு அதன் எச்சம். பதிவிற் காணும் பெயரே ஒருவரின் வீட்டுப் பெயர் என இங்கும் கொள்ளுதற்கில்லை.

ஆகவே, பதிவேட்டை அணுகும் மாணவன் இறந்தோரை எண்ணுவதோடு அமைதல் போதாது. எழுதிய கையின் நோக்கத்தையும், எழுதப்படாதோரின் இடத்தையும் அவன் அறிதல் வேண்டும். பெயரின்றி ஒரு வரியில் அடங்கிய குழந்தையும் அடிமைப்பெண்ணும் அக்கணக்கிற்கு உரியவர்களே. அவர்களை விடுத்துப் பெறப்படும் சராசரி, எத்துணைத் துல்லியமான எண்ணாயினும், அச்சமூகத்தின் வரலாறு ஆகாது.