கரும்பலகையிலிருந்து ஆட்சிப் பீடத்திற்கு

நாவன்மையால் மக்களைக் கவர்ந்து ஆட்சியைப் பிடித்தோர் உலக வரலாற்றில் பலர். கேட்போரின் அறிவை மதித்து, விளக்கிச் சொல்லியே தலைமை பெற்றோர் மிகச் சிலர். கனடா நாட்டின் கியூபெக் மாநிலத்தில் முதலமைச்சராய் விளங்கிய ரெனே லெவெக் அச்சிலருள் ஒருவர்.

1922-ஆம் ஆண்டு பிறந்த அவர், காஸ்பே தீபகற்பக் கடலோரத்தில் நியூ கார்லைல் என்னும் சிற்றூரில் வளர்ந்தார். கியூபெக்கில் பெரும்பான்மையோர் பிரெஞ்சு மொழி பேசுவோர்; எனினும் பெருந்தொழிலும் வணிகமும் பெரும்பாலும் ஆங்கிலம் பேசுவோர் கையிலேயே இருந்தன. இவ்வேற்றுமையை நாள்தோறும் கண்டு வளர்ந்த லெவெக், இரு மொழிகளிலும் தேர்ச்சி பெற்று, பள்ளிப் பருவத்திலேயே உள்ளூர் வானொலியில் அறிவிப்பாளரானார். பின்னர்ச் சட்டப் படிப்பை இடையில் விடுத்து, 1944-இல் அமெரிக்க அரசின் போர்ச் செய்தித் துறையில் சேர்ந்து ஐரோப்பா சென்றார். 1945-இல் நாஜிகளின் டாஹாவ் வதைமுகாம் விடுவிக்கப்பட்டபொழுது அங்குச் சென்ற செய்தியாளர்களுள் அவரும் ஒருவர். இனவெறுப்பு மனிதனை எங்கே கொண்டு நிறுத்தும் என்பதை அவர் கண்ணாரக் கண்டார்.

1956-இல் ரேடியோ கனடா நிறுவனத்தின் தொலைக்காட்சியில் ‘புவான் த மீர்’ என்னும் நிகழ்ச்சியைத் தொடங்கினார். பின்னால் ஒரு கரும்பலகை, சில நிலப்படங்கள், கையில் சுண்ணக்கட்டி, குரலோ கரகரத்தது. எகிப்து அதிபர் நாசர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கிய ஆண்டு அது. அந்நெருக்கடியையும், அல்ஜீரிய விடுதலைப் போரையும், தொலைவில் வாழ்ந்த பிரெஞ்சுக் கனடியக் குடும்பங்களுக்கு அவர் ஓர் ஆசிரியரைப் போல் எடுத்துரைத்தார்.

1958 டிசம்பர் இறுதியில், அந்நிறுவனத்தின் பிரெஞ்சுப் பிரிவுத் தயாரிப்பாளர்கள் சங்க உரிமை கோரி வேலைநிறுத்தம் செய்தனர். லெவெக் தயாரிப்பாளர் அல்லர், ஆயினும் அவர்களோடு நின்றார், கைதும் செய்யப்பட்டார். இரண்டு மாதங்களுக்கு மேலாகப் பிரெஞ்சு ஒளிபரப்பு முடங்கியும் ஆட்டவா அரசு அசையவில்லை. ஆங்கில ஒளிபரப்பு முடங்கியிருந்தால் இவ்வாறு வாளாவிருப்பார்களா என்ற கேள்வி அவர் நெஞ்சில் தைத்தது. அதுவே அவரை அரசியலுக்கு ஈர்த்தது.

1960-இல் லிபரல் கட்சியின் சார்பில் வென்று அமைச்சரானார். 1962 தேர்தலில் மின்சாரமே பெரும்பொருளாயிற்று. மீண்டும் கரும்பலகை வந்தது. தனியார் மின் நிறுவனங்களை மக்கள் ஏன் வாங்க வேண்டும், என்ன விலை, என்ன பயன் என்று புள்ளிவிவரங்களோடு விளக்கினார். மக்கள் இசைந்தனர். மறுஆண்டு 11 நிறுவனங்கள் ஏறத்தாழ 60 கோடி டாலருக்கு அரசுடைமையாயின. சூயஸ் நாட்டுடைமையை விளக்கிய ஆசிரியர், தம் மண்ணில் நாட்டுடைமையை நடத்தியும் காட்டினார்.

கியூபெக் தன்னாட்சி பெற்று, கனடாவோடு பொருளாதார உறவு கொள்ள வேண்டுமென்ற கருத்தைக் கட்சி ஏற்காமையால், 1967-இல் விலகினார்; 1968-இல் கியூபெக் கட்சியை நிறுவினார். 1970, 1973 தேர்தல்களில் தம் தொகுதியிலேயே தோற்றார். 1976-இல் 110 இடங்களுள் 71-ஐ வென்று முதலமைச்சரானார். மறுஆண்டு பிரெஞ்சு மொழிச் சாசனம் நிறைவேறியது. கட்சிகளுக்கு நிறுவனங்கள் நன்கொடை வழங்குவதைத் தடுத்து, வாக்காளர் மட்டுமே வழங்கலாம் என்ற சட்டமும் அவ்வாண்டே பிறந்தது.

1980 மே 20-ஆம் நாள் நடந்த மக்கள் வாக்கெடுப்பில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் அவர் கேட்ட அனுமதியை மறுத்தனர். அன்றிரவு மான்ட்ரியல் அரங்கில் ஆயிரக்கணக்கான தொண்டர்கள் கண்ணீருடன் திரண்டிருந்தனர். ஒரு சுடுசொல் போதும், நகரமே பற்றியிருக்கும். தோல்வி வலிக்கிறது, ஆயினும் மக்கள் தீர்ப்பை ஏற்கத்தான் வேண்டும், அடுத்த முறை பார்ப்போம் என்ற கருத்துப்படப் பேசி அவர்களை அமைதியாக வீட்டுக்கு அனுப்பினார்.

1981-இல் மக்கள் அவரையே மீண்டும் ஆட்சியில் அமர்த்தினர். 1985-இல் பதவி விலகி, 1987-இல் மறைந்தார். அவர் நாடிய தனிநாடு அமையவில்லை. அவருடைய கொள்கையை ஏற்போரும் மறுப்போரும் இன்றும் உளர். ஆயின், மக்களை ஈர்க்கும் குரலைப் பெற்ற ஒருவர் அதனைத் தீ மூட்டப் பயன்படுத்தாமல் விளக்கேற்றப் பயன்படுத்தினார் என்பதை இரு சாராரும் மறுப்பதற்கில்லை.