பார்த்தவருக்குத் தெரியும், பத்திரத்துக்குத் தெரியுமா?



அரங்கத்தில் நான் பேசுவதற்கு எடுத்துக்கொண்ட கேள்வி இது: ஒன்று எனக்குத் தெரியும் என்று சொல்ல, என் மனத்தில் இருப்பது மட்டும் போதுமா? கேட்பதற்குக் கல்லூரி வகுப்பறைக் கேள்வி போல இருக்கும். ஆனால் கேமரன் மலையின் வரலாற்றைப் புரட்டினால், இதே கேள்வி அங்கே மூன்று முறை வந்து நிற்கிறது. மூன்றாவது முறை அது நம்மவர்களின் குடியுரிமையையே தொட்டுவிட்டது.

தொலைக்காட்சியில் வேலை செய்கிற எங்களுக்குப் பயிற்சிக் காலத்திலேயே ஒரு பாடம் சொல்லிக் கொடுப்பார்கள். யார் எதைச் சொன்னாலும் "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேள் என்பதுதான் அது. இந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு மலை ஏறுவோம், வாருங்கள்.

வரைபடத்தில் இல்லாத மலை

1885-ஆம் ஆண்டு. வில்லியம் கேமரன் என்ற பிரிட்டிஷ் நில அளவையாளர், கூலோப் ரியாவ் என்ற துணைவரோடு பேராக் - பகாங் எல்லை மலைகளை அளக்கப் புறப்பட்டார். மலைகள் சூழ்ந்த, மெல்லச் சரிந்து செல்லும் அழகான உயர்நிலத்தைக் கண்டதாக அறிவித்தார். ஆனால் அந்த இடத்தை வரைபடத்தில் சரியாகக் குறிக்கவில்லை. அடுத்த ஆண்டே, 1886-ல், காலமாகிவிட்டார்.

இப்போது யோசித்துப் பாருங்கள். கேமரனுக்கு அந்த உயர்நிலம் இருப்பது தெரியும். கண்ணால் கண்டார், கண்டது நினைவில் இருந்தது. அவர் அதை நம்புவதற்கு அதைவிட வேறு நியாயம் தேவையில்லை. ஆனால் கோலாலம்பூரில் அலுவலக நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரிடம் அந்தக் காட்சி இல்லை, அந்த நினைவும் இல்லை. ஓர் அறிக்கைதான் இருந்தது. "அப்படி ஓர் இடம் உண்மையிலேயே இருக்கிறதா, இருந்தால் எங்கே?" என்று அவர் சந்தேகப்பட்டால் அதுவும் நியாயம்தான். உண்மை ஒன்றே ஒன்று. ஆனால் நம்பியவரிடமும் நியாயம் இருக்கிறது, தயங்கியவரிடமும் நியாயம் இருக்கிறது. காரணம், இருவர் மனத்திலும் இருந்தவை வேறு வேறு.

கூட்டு மலாய் மாநிலங்களின் தலைமைச் செயலாளராக இருந்த சர் ஜார்ஜ் மாக்ஸ்வெல் 1925-ல் நேரில் சென்று பார்த்த பிறகுதான் மலைவாசத் தலம் அமைக்கும் வேலை உறுதியானது. கண்டவர் சொல்லி நாற்பது ஆண்டுகள் கழித்து! அதற்குப் பிறகு தாப்பாவிலிருந்து சாலை வந்தது. 1929-ல் ஜே.ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933-ல் அகர்வால் குடும்பத்தின் பாரத் தேயிலை வந்தது. தென்னிந்தியாவிலிருந்து வந்த நம் முன்னோர் சரிவுகளில் செடி நட்டு, கூடை சுமந்து, கொழுந்து பறித்து, அந்த மலைக்குப் பச்சைப் பட்டு உடுத்தினார்கள்.

இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. அந்தக் காடுகள் செமாய் பூர்வகுடி மக்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த இடம். அவர்கள் அறிவு எந்தக் கோப்பிலும் ஏறவில்லை. அதனால் "கண்டுபிடித்தவர்" என்ற பெயர் வேறொருவருக்குப் போனது. கோப்பில் ஏறாத அறிவை அறிவாகவே எண்ணாத பழக்கம் எவ்வளவு பழையது என்பதற்கு இது சாட்சி.

கண் கருவிதான்

இந்த விவகாரம் நம் தமிழுக்குப் புதிதல்ல. நம்மவர்கள் இதை "அளவை" என்றார்கள். நெல்லை மரக்காலால் அளப்பது போல, அறிவையும் அளந்து பார்க்க ஒரு கருவி வேண்டும் என்பது பொருள். மணிமேகலையில் சமயவாதிகள் அளவைகளை எடுத்துப் பேசுகிறார்கள். 13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் இயற்றிய சிவஞான சித்தியார், அளவைகளைக் காண்டல், கருதல், உரை என்று மூன்றில் அடக்கிக் காட்டுகிறது. நேரில் காண்பது, கண்டதைக் கொண்டு ஊகிப்பது, நம்பத் தகுந்தவர் சொல்லை ஏற்பது என்று எளிமையாகச் சொல்லலாம்.

காண்டலிலேயே "தன்வேதனைக் காட்சி" என்ற ஒரு வகையும் உண்டு. என் இன்பமும் என் துன்பமும் எனக்கு நேரடியாகத் தெரிவது அது. தலைவலி எனக்கா இல்லையா என்பதை நான் பக்கத்து வீட்டில் போய்க் கேட்பதில்லை, அல்லவா? சைவ சித்தாந்திகள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். கண், காது எல்லாம் கருவிகள்தாம். ஐயமும் திரிபும் நீங்கிய உயிரின் அறிவே உண்மையான அளவை என்றார்கள்.

இதே கேள்வியை அண்மைக் காலத்தில் மேலை நாட்டுத் தத்துவ ஆசிரியர்களும் விவாதித்திருக்கிறார்கள். ஏர்ல் கோனி, ரிச்சர்ட் ஃபெல்ட்மன் என்ற இரண்டு அமெரிக்கப் பேராசிரியர்கள் 2001-ல் வெளியிட்ட ஒரு கட்டுரையில், ஒருவரின் நம்பிக்கைக்கு நியாயம் உண்டா இல்லையா என்பதை அவர் மனத்தில் உள்ளவையே முடிவு செய்கின்றன என்று வாதிட்டார்கள். இருவர் மனநிலை அச்சு அசலாக ஒன்றாக இருந்தால், இருவருக்கும் இருக்கும் நியாயமும் ஒன்றே. ஆல்வின் கோல்ட்மன் 1979-லேயே வேறு வழி காட்டியிருந்தார். அந்த நம்பிக்கை எந்த வழியில் உண்டானது, அந்த வழி பெரும்பாலும் உண்மையைத் தருகிற வழியா என்று பார்க்க வேண்டும் என்பது அவர் கட்சி.

இந்த இரண்டு கட்சிகளையும் உரசிப் பார்க்கக் கேமரன் மலையே ஒரு நல்ல உரைகல்.

1967: ஊரெல்லாம் உறுதி

1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு. தாய்லாந்துப் பட்டுத் தொழிலுக்கு உலகப் புகழ் தேடித் தந்த அமெரிக்கர் ஜிம் தாம்சன், கேமரன் மலையில் நண்பர்களின் மூன்லைட் பங்களாவில் தங்கியிருந்தார். பிற்பகலில் நடக்கப் போனவர் திரும்பவே இல்லை. போலீஸ், இராணுவம், பூர்வகுடி வழிகாட்டிகள் எல்லாம் காட்டைச் சல்லடை போட்டார்கள். ஒரு துரும்பும் கிடைக்கவில்லை.

துரும்பு கிடைக்காத இடத்தில் உறுதி மட்டும் தாராளமாகக் கிடைத்தது! போமோக்கள் காட்டுக்குள் இருக்கிறார் என்றார்கள். ஞானதிருஷ்டி உள்ளவர் என்று பெயர் பெற்ற பீட்டர் ஹர்கோஸ் வரவழைக்கப்பட்டார். அவர் தாம்சனைக் கம்போடியாவுக்குக் கடத்திப் போய்விட்டார்கள் என்று அடித்துச் சொன்னார். போரின்போது அமெரிக்க உளவுப் பிரிவில் பணியாற்றியவர் தாம்சன் என்பதால், இது அரசியல் விவகாரம் என்று சொன்னவர்களும் உண்டு. புலி அடித்துவிட்டது என்றவர்களும் உண்டு. 1974-ல் தாய்லாந்து நீதிமன்றம் அவர் இறந்துவிட்டதாக அறிவித்தது. என்ன நடந்தது என்பது இன்றுவரை வெளிப்படவில்லை.

இங்கேதான் நாம் ஒரு கோடு போட வேண்டும். ஹர்கோஸின் மனத்தில் இருந்ததும் மனநிலைதான். கேமரனின் மனத்தில் இருந்ததும் மனநிலைதான். ஆனால் கேமரனிடம் இருந்தது கண்ட காட்சி, அதன் நினைவு. ஹர்கோஸிடம் நமக்குத் தெரிந்தவரை இருந்தது உறுதி மட்டுமே. உறுதி வேறு, சான்று வேறு. இரண்டும் ஒரே வீட்டில், நம் மனத்துக்குள்ளேயே குடியிருப்பதால் ஆள் மாறாட்டம் எளிதாக நடந்துவிடுகிறது. குரலை உயர்த்திப் பேசுவது உறுதி. "எப்படித் தெரியும்?" என்று கேட்டால் பதில் சொல்லத் தெரிந்தது சான்று.

தேயிலை ருசி பார்ப்பவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். வரிசையாக வைத்த கிண்ணங்களில் ஒவ்வொரு கரண்டியாகச் சத்தத்தோடு உறிஞ்சி, வாயில் சுழற்றி, துப்பிவிட்டு, இந்தத் தூளின் தரம் இன்னது என்று சொல்லிவிடுவார்கள். அவர்கள் நாக்கில் நடப்பதை நாம் எட்டிப் பார்க்க முடியாது. ஆனாலும் வியாபாரம் அவர்கள் சொல்லை நம்பி நடக்கிறது. காரணம், ஒருவர் சொன்னதை இன்னொருவர் ருசித்துச் சரிபார்க்கலாம். ஆயிரக்கணக்கான கிண்ணங்களில் அந்த நாக்கு பழகியிருக்கிறது. உள்ளே எழுகிற உணர்வு, பயிற்சியாலும் சரிபார்ப்பாலும் சான்றாகிறது. கோனி, ஃபெல்ட்மன் சொல்வது போல, ருசித்தவர் நம்புவதற்கான நியாயம் அவருக்குள்ளேயே இருக்கிறது. கோல்ட்மன் சொல்வது போல, மற்றவர் அதை நம்புவதற்கு அந்த நாக்கின் பழக்கம் காரணமாகிறது.

லயத்தில் பிறந்த பிள்ளை

இப்போது மூன்றாவது முறைக்கு வருவோம். தோட்டத்து லயத்தில், மருத்துவச்சி கை பார்த்துப் பிறந்த பிள்ளைகள் எத்தனையோ பேர். பெற்றவர்கள் விடிவதற்கு முன் பெரட்டுக்கு நிற்க வேண்டும். பதிவு அலுவலகமோ மலைக்கு அப்பால். எழுதப் படிக்கத் தெரியாது. பல பிறப்புகள் சட்டம் கேட்ட நாட்களுக்குள் பதிவாகவில்லை. சில பதிவாகவே இல்லை.

ஆனால் நாடு நாள் கேட்டது. 1948-ல் அவசரகாலம் வந்தபோது அடையாள அட்டை வந்தது. 1957 சுதந்திர நாள் முதல் 1962 செப்டம்பர் முடியும்வரை இந்த மண்ணில் பிறந்தவர்களுக்குப் பொதுவாகப் பிறப்பே குடியுரிமை தந்தது. 1962 அக்டோபருக்குப் பிறகு பிறந்தவர்களுக்கு, பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும் என்ற விதி வந்தது. ஆக, ஒரு பிள்ளை எந்த மாதம் பிறந்தது என்பது அதன் வாழ்நாள் முழுமைக்குமான கேள்வி ஆனது. 1969-க்குப் பின் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமாக்கப்பட்டபோது, ஏறத்தாழ 60 ஆயிரம் இந்தியத் தொழிலாளர்கள் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள் என்று வரலாற்று ஆசிரியர்கள் குறிப்பிடுகிறார்கள். 2011-ல்கூட ஆவணமில்லாத இந்தியர்களைப் பதிவு செய்ய "மைடஃப்தார்" என்ற இயக்கத்தை அரசாங்கம் நடத்த வேண்டியிருந்தது என்றால், சிக்கல் எத்தனை நாள் நீடித்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு தாயைக் கற்பனை செய்துகொள்வோம். அதிகாரி கேட்கிறார்: "உங்கள் மகன் எப்போது பிறந்தான்?" தாய்க்குத் தேதி தெரியாது. "அணையில தண்ணி ஏறுறதுக்கு முன்னாடி பொறந்தவன் சார்" என்கிறார். "எப்படிச் சொல்கிறீர்கள்?" "இவனைக் கையில பிடிச்சுக்கிட்டு அந்த ஆத்தோரமாத்தான் நடந்து ரிங்லெட்டுக்குப் போவேன். நல்லாப் பேச ஆரம்பிச்சிட்டான். அதுக்கப்புறம்தான் அந்தப் பாதையெல்லாம் தண்ணியில முங்கிச்சு."

பெர்த்தாம் ஆற்றின் குறுக்கே சுல்தான் அபு பாக்கார் அணை கட்டி முடிக்கப்பட்டது 1963-ல். அப்போது நடந்து, பேசத் தெரிந்த பிள்ளை என்றால், கணக்குப் போட்டுப் பாருங்கள். சட்டம் போட்ட கோட்டுக்கு இந்தப் பக்கம் பிறந்திருக்கவே வாய்ப்பு அதிகம். அந்தத் தாயிடம் காகிதம் இல்லை. ஆனால் சான்று இருக்கிறது. நடந்த பாதை, பிடித்த கை, மூழ்கிய ஆறு எல்லாம் அவர் நினைவில் இருக்கின்றன. அருணந்தியார் சொன்ன மூன்றில், தாய்க்கு அது காண்டல். அதிகாரிக்கு அது உரை. அணை கட்டிய ஆண்டோடு சேர்த்துப் பார்த்தால் கருதல். மூன்று அளவையும் ஒரே மேசையில் கூடிவிட்டன. பத்திரம் இல்லை என்பதால் "உங்களுக்கு ஒன்றும் தெரியாது" என்று அவரைத் திருப்பி அனுப்புவது அறிவாகுமா?

அதற்காக, மனத்தில் பட்டதையெல்லாம் பதிவு செய்துவிடுங்கள் என்று நான் வாதாடவில்லை. நினைவு தவறும். பிள்ளையின் எதிர்காலத்துக்காகப் பெற்றவர் கணக்கை மாற்றிச் சொல்வதும் உண்டு. அதிகாரி சரிபார்க்கத்தான் வேண்டும். அது அவர் கடமை. ஆனால் சரிபார்ப்பது வேறு, கேட்காமலே தள்ளுவது வேறு. உறுதியை மட்டும் கொண்டு வந்த ஹர்கோஸுக்கு மலையில் வரவேற்பு கிடைத்தது. சான்றைச் சுமந்து வந்த தாய்க்கு வரிசையில் நிற்கத்தான் கிடைத்தது என்றால், நம் அளவைக் கருவியில் கோளாறு இருக்கிறது.

நாம் செய்யக்கூடியது

ஒருவரின் உள்ளத்தில் உள்ளது அவருக்கு நியாயம் தரும். அது ஊருக்கும் நியாயம் ஆக வேண்டுமானால், உள்ளே இருப்பது வெளியே வந்து மற்றவற்றோடு பொருந்திப் பார்க்கப்பட வேண்டும். கேமரனின் காட்சிக்கு அந்த வாய்ப்பு வருவதற்கு நாற்பது ஆண்டுகள் ஆயின. நம் வீட்டுப் பெரியவர்களுக்கு அவ்வளவு அவகாசம் கிடையாது.

தோட்டத்தில் வாழ்ந்த பாட்டியோ தாத்தாவோ உங்கள் வீட்டில் இருந்தால், இந்த வாரமே ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். யார் எங்கே பிறந்தார், எந்த லயத்தில் இருந்தார், கூட யார் இருந்தார்கள் என்று கேளுங்கள். ஒவ்வொரு பதிலுக்கும் "எப்படித் தெரியும்?" என்று அன்போடு கேட்டு, அதையும் சேர்த்து எழுதுங்கள். திருவிழா, வெள்ளம், அணை, சாலை என்று அவர்கள் சொல்லும் அடையாளங்களை விட்டுவிடாதீர்கள். நாளைக்கு ஒரு மேசையின் முன் உங்கள் குடும்பத்தில் ஒருவர் நிற்கும்போது, அந்த நோட்டுப் புத்தகம் பேசக்கூடும்.