மேற்கு நோக்கிப் போனவர்கள்: கான்சஸ் பயணம் பட்ட பாட்டுக்குத் தகுமா?



ஊரிலேயே நின்று போராடுவதா, ஊரை விட்டு வெளியேறுவதா என்பது நம் இயக்கத்தில் தீராத கேள்வி. நினைவுக் கூட்டங்களில் மறைந்த தோழர்களைப் புகழ்வதைவிட, அவர்கள் முடிக்காமல் விட்டுச் சென்ற இத்தகைய கேள்விகளைப் பேசுவதே அவர்களுக்குச் செய்யும் மரியாதை. இந்த ஆண்டு அதை அமெரிக்கக் கறுப்பின மக்களின் வரலாற்றை வைத்துப் பேசுகிறோம். இந்த உறவு நமக்குப் புதியதல்ல. ஜோதிராவ் புலே 1873இல் வெளியிட்ட ‘குலாம்கிரி’ நூலை, நீக்ரோ அடிமைமுறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். அண்ணல் அம்பேத்கர் 1946இல் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார்.

அமெரிக்காவின் மேற்குப் பயணம் என்றதும் பாடநூல்கள் காட்டும் படம் ஒன்று உண்டு. 1840களிலிருந்து மிசோரி ஆற்றங்கரையில் புறப்பட்டு, கூண்டுவண்டிகளில் ஏறத்தாழ 2,000 மைல் கடந்து ஒரிகானுக்கும் கலிபோர்னியாவுக்கும் போன வெள்ளைக் குடும்பங்களின் படம் அது. அவர்கள் பட்ட துன்பம் பொய்யல்ல. வழியில் காலராவில் செத்தார்கள். ஆறு கடக்கையில் மூழ்கினார்கள். 1846இல் புறப்பட்ட டானர் குழு சியரா நெவாடா மலைப்பனியில் சிக்கி, 87 பேரில் நாற்பது பேர் அளவுக்கு மாண்டார்கள். இத்தனை துன்பத்துக்கும் அந்தப் பயணம் தகுமா என்று அந்நாட்டு மாணவர்களுக்குக் கட்டுரைத் தலைப்பு கொடுப்பதுண்டு.

அந்தக் கேள்வியில் ‘முன்னோடி’ என்று குறிக்கப்படுவது யார்? 1844இல் ஒரிகானில் இருந்த தற்காலிக அரசு, கறுப்பர்கள் அங்கே குடியிருக்கக் கூடாது, மீறினால் சாட்டையடி என்று சட்டம் போட்டது. 1850இன் நிலக்கொடைச் சட்டம் கறுப்பர்களுக்கு நிலம் இல்லை என்றது. 1857இல் எழுதப்பட்ட ஒரிகான் அரசியலமைப்பிலும் கறுப்பர்கள் வந்து குடியேறத் தடை இருந்தது. அந்தச் சொற்கள் 1926இல்தான் நீக்கப்பட்டன. ஜார்ஜ் வாஷிங்டன் புஷ் என்ற கறுப்பினத்தவர் மற்றவர்களோடு சேர்ந்து 1844இல் அதே 2,000 மைலைக் கடந்தார். போய்ச் சேர்ந்தபோது இந்தச் சட்டம் எதிரே நின்றது. அதனால் கொலம்பியா ஆற்றுக்கு வடக்கே, பின்னாளில் வாஷிங்டன் மாநிலமான பகுதிக்குப் போய்க் குடியேறினார். அங்கும் அவர் உழுத நிலம் அவருடையது என்று சொல்ல 1855இல் அமெரிக்கப் பாராளுமன்றம் தனிச்சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. பயணத்தின் துன்பம் எல்லோருக்கும் பொது. பலன் மட்டும் தோலின் நிறம் பார்த்துப் பங்கிடப்பட்டது.

ஆகவே அந்தக் கேள்வியை நாம் வேறு பயணிகளிடம் எடுத்துச் செல்கிறோம். 1870களில் தென்மாநிலங்களிலிருந்து கான்சஸுக்குப் போன கறுப்பின மக்கள் அவர்கள். பைபிளின் யாத்திராகமத்தை நினைத்து அவர்களை ‘எக்ஸோடஸ்டர்கள்’ என்று அழைத்தார்கள்.

விட்டு வந்தது எது?

1865இல் உள்நாட்டுப் போர் முடிந்தது. அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. அந்த ஆண்டு ஜனவரியில் தளபதி ஷெர்மன், தெற்குக் கடலோரப் பகுதியில் விடுதலை பெற்ற குடும்பங்களுக்கு நாற்பது ஏக்கர் வரை ஒதுக்க ஆணையிட்டார். சுமார் 40,000 பேர் அந்நிலங்களில் குடியேறி உழவும் தொடங்கினார்கள். ஆண்டு முடிவதற்குள் குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன் அந்நிலத்தைப் பழைய பண்ணை முதலாளிகளுக்கே திருப்பிக் கொடுக்க வைத்தார். விடுதலை வந்தது, நிலம் வரவில்லை. அதன் பொருள் நமக்கு விளக்கித் தெரிய வேண்டியதில்லை.

நிலமில்லாதவர்கள் பழைய எசமானின் நிலத்தையே வாரத்துக்கு உழுதார்கள். விதை, மாவு, துணி எல்லாம் பண்ணைக் கடையில் கடன். பருத்தி எடுத்ததும் கணக்குப் பார்ப்பார் முதலாளி; கணக்கு நோட்டும் அவருடையது. ஆண்டு முடிவில் உழைத்தவன் கையில் மிஞ்சுவது அடுத்த ஆண்டுக்கான கடன்.

வாக்குரிமை இருந்தது, வாக்களிக்கப் போனால் உயிர் இல்லை. 1873இல் லூசியானாவின் கோல்ஃபாக்ஸில், தேர்தல் தகராறின் பேரில் கறுப்பினத்தவரைக் கூட்டமாகக் கொன்றார்கள். 1877இல் கூட்டாட்சிப் படையின் பாதுகாப்பும் விலக்கிக்கொள்ளப்பட்டது. ஆட்சி மீண்டும் பழைய எசமானர்களின் கைக்குப் போனது.

இந்தச் சூழலில்தான் இரண்டு மனிதர்கள் வேலை செய்தார்கள். ஒருவர் பெஞ்சமின் ‘பாப்’ சிங்கிள்டன். டென்னசியில் அடிமையாகப் பிறந்து தப்பியோடி, விடுதலைக்குப் பின் நாஷ்வில் திரும்பிய தச்சர். கொல்லப்பட்ட தம் மக்களுக்குச் சவப்பெட்டி செய்தவர். முதலில் டென்னசியிலேயே தம் மக்களுக்கு நிலம் வாங்க முயன்றார். முதலாளிகள் சொன்ன விலை கட்டுப்படியாகவில்லை. பிறகு கான்சஸில் குடியேற்றங்கள் அமைத்து மக்களை அழைத்துச் சென்றார்.

இன்னொருவர் லூசியானாவின் ஹென்றி ஆடம்ஸ். அடிமையாகப் பிறந்து, பின் ராணுவத்தில் பணியாற்றி, அங்கே எழுதப் படிக்கக் கற்றவர். அவரும் தோழர்களும் ஒரு குழு அமைத்தார்கள். அது ஐந்நூறு பேர் வரை வளர்ந்தது. தென்மாநிலங்களுக்குள் போய், தாங்களும் கூலிவேலை செய்துகொண்டே, மக்கள் எப்படி வாழ்கிறார்கள், எங்கே யார் அடிக்கப்பட்டார், யார் கொல்லப்பட்டார் என்று விசாரித்து எழுதினார்கள். கட்சியோ அரசோ பணம் தரவில்லை. குடியரசுத் தலைவருக்கும் பாராளுமன்றத்துக்கும் மனு அனுப்பினார்கள். பதில் வரவில்லை. அதன் பிறகே வெளியேறுவது என்ற முடிவுக்கு வந்தார்கள். வெளியேற விரும்பிப் பெயர் கொடுத்தவர்கள் 98,000 பேர் என்று அவர் பின்னர் சாட்சியம் அளித்தார். சோம்பலும் வதந்தியுமே மக்களைக் கிளப்பின என்று அன்று முதலாளிகளின் பத்திரிகைகள் எழுதியதற்கு இதுவே மறுப்பு.

வழியில் பட்டது

1879 வசந்தத்தில் மிசிசிப்பி ஆற்றங்கரைகளில் கூட்டம் கூட்டமாகக் குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு நின்றன. அரசு இலவசமாக நிலமும் பயணமும் தரும் என்ற வதந்தியும் ஓடியது உண்மைதான். முதலாளிகள் ஆயுதங்களோடு கரைக்கு வந்து தடுத்தார்கள். நீராவிப் படகுகள் இவர்களை ஏற்றாமல் நடு ஆற்றிலேயே போயின. படகு கிடைத்தவர்கள் செயின்ட் லூயிஸ் வந்து இறங்கியபோது கையில் காசில்லை. அந்நகரின் கறுப்பினத் தேவாலயங்கள் அவர்களுக்குச் சோறு போட்டு, தங்க இடம் கொடுத்து, கான்சஸுக்கு அனுப்பின. தாமே ஏழைகளான மக்கள் செய்த வேலை அது.

கான்சஸில் நிலம் கிடைத்ததா? 1862இன் ஹோம்ஸ்டெட் சட்டப்படி 160 ஏக்கரை ஐந்தாண்டு குடியிருந்து திருத்தினால் அது சொந்தம். ஆனால் பதிவுக் கட்டணம், ஏர், மாடு, விதை, முதல் அறுவடை வரைக்கும் சாப்பாடு எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். 1879இல் வந்தவர்களில் பெரும்பாலோரிடம் அது இல்லை. அவர்கள் டோபீக்கா போன்ற நகரங்களில் கூலிகளாகவும் சமையல், சலவை வேலை செய்பவர்களாகவும் தங்கினார்கள்.

நிலத்தில் இறங்கியவர்களின் கதைக்கு நிக்கோடெமஸ் சாட்சி. 1877இல் கென்டக்கியிலிருந்து வந்த கறுப்பின மக்கள் உருவாக்கிய ஊர் அது. வில்லியானா ஹிக்மன் என்ற பெண் 1878இல் குடும்பத்தோடு வந்தார். வழியிலேயே குழந்தைகளுக்குத் தட்டம்மை. ரயிலை விட்டு இறங்கி, வெட்டவெளியில் இரவு படுத்து, இரண்டு நாள் வண்டியில் போனார்கள். ‘இதோ ஊர்’ என்று ஆண்கள் காட்டிய இடத்தில் வீடு எதுவும் தெரியவில்லை. தரையிலிருந்து புகை மட்டும் எழும்பிக்கொண்டிருந்தது. மண்ணைக் குடைந்த குழிகளில் மக்கள் வாழ்ந்தார்கள். அதைப் பார்த்து அழுதுவிட்டதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். வந்தவர்களில் சிலர் மறுநாளே திரும்பிப் போனார்கள். தங்கியவர்கள் மண்வெட்டியாலும் கொத்தாலும் புல்வெளியைக் கிளறினார்கள். ஆண்கள் முப்பது மைலுக்கு அப்பால் ரயில்பாதை வேலைக்கு நடந்தார்கள்.

1880களில் அங்கே பள்ளி, தேவாலயங்கள், கடைகள், இரண்டு செய்தித்தாள்கள் எல்லாம் வந்தன. 1888இல் ரயில்பாதை நிக்கோடெமஸைத் தொடாமல் ஆற்றுக்குத் தெற்கே போயிற்று. கடைக்காரர்கள் பாதையை நோக்கி நகர, ஊர் தேய்ந்தது. ஆனாலும் அழியவில்லை. 1996இல் அது தேசிய வரலாற்றுத் தலமாக அறிவிக்கப்பட்டது.

போவதா, நிற்பதா?

இந்தப் பயணத்தை அன்றைய பெருந்தலைவர் பிரெடரிக் டக்ளஸ் எதிர்த்தார். 1879 செப்டம்பரில் அவர் எழுதிய கட்டுரை சரடோகா மாநாட்டில் வாசிக்கப்பட்டது. தெற்கின் வயல்கள் கறுப்பின உழைப்பின்றி நடக்காது. அதுவே நம் பலம். குடிமகனை அவன் இருக்கும் இடத்திலேயே காப்பது அரசின் கடமை. ஓடிப்போனால் அந்தக் கடமையை அரசுக்குத் தள்ளுபடி செய்ததாகிவிடும் என்பது அவர் வாதம். அதே மாநாட்டில் ரிச்சர்ட் கிரீனர் மறுத்தார். வெளியேறுவதும் போராட்டமே, போகிறவர்களால் மிஞ்சியிருப்பவர்களுக்கும் மதிப்புக் கூடும் என்றார்.

டக்ளஸின் கொள்கை சரியானது என்றே நாம் கருதுகிறோம். நடந்த வரலாறு கிரீனர் பக்கம் நின்றது. 1879 மே மாதம் முதலாளிகள் விக்ஸ்பர்கில் மாநாடு கூட்டி, தொழிலாளர் உரிமைகளை மதிப்பதாகத் தீர்மானம் போட்டார்கள். அதுவரை எந்த மனுவுக்கும் அசையாதவர்கள் ஆள் போகிறது என்றதும் அசைந்தார்கள். வாக்குறுதி காற்றில் போனது. 1890இல் மிசிசிப்பி புது அரசியலமைப்பு எழுதிக் கறுப்பினத்தவரின் வாக்கைப் பறித்தது. காக்க வேண்டிய அரசு கைவிட்டபோது, இருக்கும் இடத்தில் நின்றவர்களுக்குப் பலம் மிஞ்சவில்லை. கான்சஸிலோ, 1878இல் நிக்கோடெமஸ் வந்த எட்வர்ட் மெக்கேப் என்ற கறுப்பினத்தவர் 1882இல் மாநிலக் கணக்காயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

கான்சஸ் சொர்க்கமல்ல. 1879இல், அதாவது மக்கள் வந்திறங்கிய அதே ஆண்டில், பெரிய நகரங்கள் தொடக்கப்பள்ளிகளை நிறவாரியாகப் பிரித்துக்கொள்ள அம்மாநிலம் சட்டம் செய்தது. நிறவெறி வண்டிக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. டோபீக்காவில் இவர்கள் குடியேறிய பகுதிக்கு டென்னசி டவுன் என்று பெயர். அங்கே வளர்ந்து வழக்கறிஞரானவர் எலிஷா ஸ்காட். அவருடைய மகன்கள் இருவர், டோபீக்கா பள்ளிகளில் இருந்த அந்தப் பிரிவினையை எதிர்த்த பிரவுன் வழக்கில் வழக்கறிஞர்களாக நின்றார்கள். 1954இல் அந்த வழக்கில்தான் நிறவாரிப் பள்ளிகள் செல்லாது என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. குழியில் வாழ்ந்தவர்களும் கூலிக்குச் சலவை செய்தவர்களும் அந்தத் தீர்ப்பைக் காணவில்லை. ஆனால் வழக்குப் போடும் நிலைக்குத் தம் பிள்ளைகளைக் கொண்டுவந்தவர்கள் அவர்கள்.

யாருடைய நிலம்?

கணக்கை இங்கே முடித்தால் அது நேர்மையாகாது. கான்சஸ் என்ற பெயரே கான்சா என்னும் தொல்குடியின் பெயர். அவர்களைச் சுருக்கிச் சுருக்கி ஒரு மூலைக்குத் தள்ளி, 1873இல் அங்கிருந்தும் வெளியேற்றி இன்றைய ஒக்லஹோமாவுக்கு அனுப்பினார்கள். ஐந்தாண்டு கழித்துச் சிங்கிள்டனின் டன்லப் குடியேற்றம் அமைந்தது அவர்கள் இழந்த நிலத்தில்தான். நாற்பது ஏக்கரை ஒரு மக்களிடமிருந்து பிடுங்கிய அதே அரசு, இன்னொரு மக்களிடமிருந்து பிடுங்கியதை 160 ஏக்கராக வெட்டிக் கொடுத்தது. அவர்கள் உழைத்துத் திளைத்த தெற்கின் பருத்தி வயல்களைப் பிரித்துக் கொடுத்திருந்தால் யாரும் ஆயிரம் மைல் போகத் தேவையில்லை. எசமானனின் நிலத்தைத் தொடாமல் ஒடுக்கப்பட்டவனுக்கு நிலம் தருவதாகச் சொல்லும் எந்த அரசும், அந்த நிலத்தை இன்னொரு ஒடுக்கப்பட்டவனிடமிருந்தே எடுக்கும். பஞ்சமி நிலத்துக்குப் போராடும் நாம் இதை மறக்கக் கூடாது.

அந்தப் பயணம் பட்ட பாட்டுக்குத் தகுமா? போனவர்களைக் கேட்டால், 1870இல் 17,000 அளவில் இருந்த கான்சஸின் கறுப்பின மக்கள்தொகை 1880இல் 43,000 ஆனதே பதில். துன்பத்தைக் கண்ணால் கண்ட பிறகும் பெரும்பாலோர் தெற்குக்குத் திரும்பவில்லை. தகும் என்றே நாம் சொல்கிறோம். ஆனால் அந்தப் பாடு இயற்கை கொடுத்ததல்ல. பனியையும் வறட்சியையும்விட, மறுக்கப்பட்ட நிலமும் நிறுத்தாமல் போன படகும் பொய்க்கணக்கும்தான் அவர்களை வாட்டின. தியாகம் என்று புகழ்ந்தால் அதைச் செய்ய வைத்தவர்கள் தப்பிவிடுகிறார்கள்.

1880இல் அமெரிக்க செனட் குழு இந்த வெளியேற்றத்தை விசாரித்து 153 சாட்சிகளைக் கேட்டது. பெரும்பான்மை உறுப்பினர்கள் எதிர்க்கட்சியின் சூழ்ச்சி என்று எழுதி முடித்தார்கள். அந்த அறிக்கையின் முடிவை இன்று யாரும் மதிப்பதில்லை. சிங்கிள்டனும் ஆடம்ஸும் சொன்ன சாட்சியங்களைத்தான் ஆய்வாளர்கள் தேடிப் படிக்கிறார்கள். ஆடம்ஸ் எழுதி வைத்ததால் அந்த மக்கள் ஏன் போனார்கள் என்று நமக்குத் தெரிகிறது.

மாணவ நண்பர்களுக்கு இதில் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் சேரியிலிருந்து பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போன குடும்பங்கள் ஏன் போயின, எந்த ஆண்டு, என்ன நிலத்தை இழந்து, எந்தக் கலவரத்துக்குப் பிறகு என்று கேட்டு எழுதுங்கள். பாட்டிமார்கள் உயிரோடு இருக்கும்போதே எழுதுங்கள். ஐந்நூறு பேர் கூலிவேலை செய்துகொண்டே எழுதினார்கள், நம்மாலும் முடியும்.

ஜெய்பீம்.